வெட்டுப்புள்ளிக்கு இப்பால்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியான அன்று மாலை, அயல் வீட்டில் விளக்கேற்றும் நேரம் கடந்தும் விளக்கு ஏற்றப்படவில்லை. நாம் சுகம் விசாரிப்பவர் போலப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே சென்றோம். போன காரியம் அதுவன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "தம்பிக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்கவே போனோம். கேட்டும் விட்டோம்.

தாயார் மறுமொழி சொல்லாமல் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே உரலுக்குப் பின்னால், பத்து வயதுப் பிள்ளை முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்டுப்புள்ளிக்கு ஐந்து குறைவாம். தகப்பனார் முற்றத்து வேப்பமரத்தின் கீழே தமது முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"மாமா, நான் பெயிலோ?" என்று பிள்ளை எம்மைக் கேட்டான்.

ஏதோ சமாதானம் கூறிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எம்மைவிட்டுப் போகவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்ல முயல்கிறோம்.

இப்பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள். மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி என்பது, "இவ்வளவு தெரிந்தால் போதும்" என்று அறிஞர்கள் முன்கூட்டியே வகுத்த அளவன்று. இருக்கின்ற இடங்களின் தொகைக்கேற்ப, விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின்னரே அது தீர்மானிக்கப்படுகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி அது வேறுபடும். ஆகவே ஓரிடத்தில் "சித்தி" எனக் கொண்டாடப்படும் அதே புள்ளி, இன்னோரிடத்தில் உரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டிய புள்ளியாகி விடுகிறது. ஐம்பது ஆசனங்கள் உள்ள பஸ்ஸில் ஐம்பத்தோராவது ஆளாக வந்தவரை, பயணம் செய்யத் தெரியாதவர் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

2024ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதற்குத் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் ஆறேழு பேருக்கு ஒருவர். எஞ்சிய இரண்டரை இலட்சம் வீடுகளிலும் அன்று மாலை என்ன பேசிக்கொண்டார்களோ, நாம் அறியோம்.

இந்தப் பரீட்சையை ஏற்படுத்தியவர்களின் நோக்கம் நல்லது. இலங்கையின் முதற் கல்வி மந்திரியாகிய கன்னங்கரா அவர்கள், அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள றந்தொம்பையிலிருந்து புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரிக்குச் சென்று படித்தவர். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தால் என்ன நேரும் என்பதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர். 1940களில் கிராமப் பகுதிகளில் மத்திய பாடசாலைகள் எழுந்தபோது, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதியில் வைத்துப் படிப்பிப்பதற்கே புலமைப்பரிசில் தேவைப்பட்டது. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. கமக்காரரின் மகனும் மீன்பிடிகாரரின் மகளும் டாக்டராகவும் எஞ்சினியராகவும் வந்த கதை எங்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆதலால் பரீட்சையையே ஒழித்துவிடுங்கள் என்று கூற எமக்கு மனம் வரவில்லை.

ஆனால் இன்று அதற்கு இரண்டு வேலைகள். வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது ஒன்று. பெயர்பெற்ற பாடசாலைகளின் ஆறாந் தரத்துக்குப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது மற்றொன்று. உதவிப்பணத்துக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கிறார்கள். பாடசாலை அனுமதிக்குப் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது வேலைதான் முதலாவதை விழுங்கிவிட்டது. வசதியுள்ளவர்களும் அல்லும் பகலும் இதற்காகவே ஓடுகிறார்கள். மூன்றாந் தரத்திலேயே ரியூஷன் தொடங்குகிறது. பரீட்சைக்கு முந்திய சில நாள்களில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தலாகாது என்று பரீட்சைத் திணைக்களம் தடைவிதிக்க வேண்டியிருக்கிறது என்றால், பிள்ளைகளை நாம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டோம் என்று எண்ணிப் பாருங்கள்.

2024இல் முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்னதாகவே வெளியாகிவிட்டன. விஷயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வெளியான மூன்று வினாக்களுக்கும் பரீட்சைக்குத் தோற்றிய அனைவருக்கும் புள்ளி வழங்கும்படி அவ்வாண்டு டிசம்பர் 31ஆந் தேதி தீர்ப்பாயிற்று. அதுவரை மூன்றரை மாதங்கள், மீண்டும் பரீட்சை எழுதவேண்டி வருமோ என்று பிள்ளைகள் ஏங்கியிருந்தார்கள். களவெடுத்தவர்கள் பெரியவர்கள், காத்திருந்தவர்கள் பத்து வயதினர்.

அயல் வீட்டுக் கதைக்கு வருவோம். மறுவாரம் பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தான். காரணம் படிப்பன்று, பதாகை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய நால்வரின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு வாசலிலே கட்டியிருந்தார்கள். நால்வரும் அவனுடைய கூட்டாளிகள். அவர்கள்மீது அவனுக்குக் காய்ச்சல் இல்லை. "அந்தப் படத்துக்குக் கீழாலே போகவேணும் மாமா" என்று மாத்திரம் சொன்னான். அந்த நால்வரைப் பாராட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மண்டபத்தினுள் கூட்டம் வைத்து, கைதட்டி, பரிசும் கொடுக்கலாம். வாசலில் வேண்டாம். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய வழி.

பெற்றோருக்கும் ஒரு விஷயம். பிள்ளை தன் பாடசாலையிலேயே ஆறாந் தரத்துக்குப் போகலாம். சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் இனித்தான். பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. பத்து வயதில் எடுத்த புள்ளியை அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேட்பவர்கள் எம்மைப் போன்ற அயலவர்கள்தாம். நாம் கேட்டதற்கு அத்தாயாரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை அண்ணை, எல்லாரும்தானே கேட்டவை" என்றார். அது எமக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அந்த வீட்டில் கண்பார்வை மங்கிய ஓர் ஆச்சி இருக்கிறார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எமது வீட்டுப் பத்திரிகையைப் பிள்ளை வாங்கிப்போய் அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். ரியூஷனுக்கு ஞாயிறும் வேண்டுமென்றான பிறகு அது நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக ஆச்சிக்குப் பத்திரிகை இல்லை. இந்த வாசிப்புக்கு எந்த வினாத்தாளிலும் புள்ளி கிடையாது.

சென்ற ஞாயிறு காலை படலையடியில் சத்தம் கேட்டது.

"மாமா, ஆச்சி பேப்பர் கேட்கிறா."

கொடுத்தோம். சற்று நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து அவனுடைய குரல் வந்தது. முதலில் மரண அறிவித்தல்களை வாசிக்கும்படி ஆச்சி உத்தரவிட்டார். ஊர்ப்பெயர் ஒன்றில் தடுக்கினான், ஆச்சி திருத்தினார். தகப்பனார் வண்டியைத் துடைப்பதை விட்டுவிட்டு, துணி கையில் இருக்க, திண்ணையோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.