சிரிக்கச் சொன்னவருக்கு யார் மதிப்பெண் போடுவது?

மேலாண்மை படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் அதற்கு ஒரு சுருக்கெழுத்து தயாராக இருக்கும். புத்திக்கு ஐ.க்யூ., மனசுக்கு ஈ.க்யூ., அந்நிய நாட்டுக்காரரோடு பழகத் தெரிந்தவரா என்று பார்க்க சி.க்யூ. இந்தக் கடைசி ஐட்டத்தைத் தமிழில் 'கலாச்சார நுண்ணறிவு' என்று வைத்துக்கொள்வோம். இந்த செமஸ்டரில் எங்களுக்குச் சர்வதேச வணிகம் பாடத்தில் இதற்கென்றே ஒரு தனி யூனிட். படித்து முடித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பரீட்சைத் தாளில் எழுத முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். ஊழியர்களின் கலாச்சார நுண்ணறிவை அளப்பதும் வளர்ப்பதும் நல்ல காரியம். ஆனால் அதை அளக்கிற விதமும் தப்பு, அளக்கப்படுகிற ஆளும் தப்பு. யாருக்கு அது இல்லாவிட்டால் கம்பெனியே கவிழுமோ, அவரிடம் யாரும் கேள்வித்தாளை நீட்டுவதில்லை.

முதலில் சமாச்சாரம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கிறிஸ்டோபர் ஏர்லி, சூன் ஆங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். வேறு பண்பாட்டுச் சூழலில் திறம்படச் செயல்படும் ஆற்றல் என்பது சுருக்கமான விளக்கம். 2007ல் சூன் ஆங்கும் அவருடைய சகாக்களும் இதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மொத்தம் 20 வாசகங்கள், நாலு பகுதிகள். பழகும்போது உங்கள் எண்ணத்தை நீங்களே கவனித்துத் திருத்திக்கொள்கிறீர்களா, பிற பண்பாடுகளைப் பற்றி எவ்வளவு தெரியும், பழகுவதில் எவ்வளவு ஆர்வம், பேச்சையும் நடத்தையையும் எவ்வளவு மாற்றிக்கொள்வீர்கள் என்பவை அந்த நாலு. ஒவ்வொரு வாசகத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும்.

யார் போட வேண்டும்? நீங்களேதான்!

எங்கள் வகுப்பிலும் இதை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினோம், கூட்டினோம், சத்தமாக வாசித்தோம். வகுப்பிலேயே அதிகம் வாங்கிய நண்பர் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 7 போட்டிருந்தார். அவருக்குப் பின்வரிசையில் மணிப்பூரிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவர் இருக்கிறார். நம்மவர் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு பட்டப்பெயர்தான், அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த மணிப்பூர் மாணவர் தனக்கு எவ்வளவு போட்டுக்கொண்டார் தெரியுமா? பாதி கூட இல்லை. இரண்டு வருஷமாக அந்நிய மொழியில் சாப்பாடு கேட்டு, அந்நிய மொழியில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி வாழ்கிறவர் அவர். தனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரியாது என்பதே தெரியாதவருக்கு முதல் பரிசு.

அளவுகோலை உருவாக்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒருவரைப் பற்றி அவருடைய சகாக்களிடம் கேட்கும் வடிவமும் உண்டு. சூழ்நிலையைக் காட்டி என்ன செய்வீர்கள் என்று கேட்டுச் சோதிக்கும் முறைகளும் பின்னால் வந்தன. ஆனால் வகுப்பறையில் எங்கள் கைக்கு வந்தது சுலபமான வடிவம்தான். ஹெச்.ஆர். பயிற்சி அறைக்கும் இதுதான் சௌகரியம் என்பது என் ஊகம். பத்து நிமிஷத்தில் முடியும், யாருக்கும் சங்கடம் இல்லை, பளிச்சென்று ஒரு வரைபடமும் போட்டுக் காட்டலாம்.

சரி, ஆளைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருவோம். எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் கதை, வால்மார்ட் ஜெர்மனிக்குப் போன கதை. 1997 கடைசியில் வெர்ட்காஃப் என்ற நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கினார்கள். அடுத்த வருஷம் இன்டர்ஸ்பார் கடைகள் 74. 2006ல் மிச்சமிருந்த 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, சுமார் 100 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். ஏன் தோற்றார்கள் என்று கேட்டால் நம் ஆட்கள் உடனே சொல்லும் பதில்: கல்லாவில் இருப்பவர்களை வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள், ஜெர்மானியர்களுக்கு அது பிடிக்கவில்லை. சில ஆண்கள் அதைத் தப்பாகவும் எடுத்துக்கொண்டார்களாம். கேட்கச் சுவையான கதைதான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் கதையின் மிச்சத்தைப் பாருங்கள். ஜெர்மனிக்கு அனுப்பப்பட்ட முதல் தலைவருக்கு ஜெர்மன் தெரியாது. நிர்வாக மட்டத்தில் ஆங்கிலம்தான் அலுவல் மொழி என்று அறிவிக்கப்பட்டது. 2000 செப்டம்பரில், அடக்க விலைக்கும் கீழே விற்கிறீர்கள் என்று சொல்லி, அந்நாட்டுப் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் சில பொருட்களின் விலையை உயர்த்த உத்தரவிட்டது (ஆல்டி, லிடில் மீதும் இதே நடவடிக்கை வந்தது). 2005ல் ஊழியர்களுக்கான நன்னடத்தை விதிகளைக் கொண்டுவந்தார்கள். உடன் வேலை செய்பவரோடு காதல் கூடாது என்ற ரீதியில் ஒரு விதி, சக ஊழியரின் தவறைப் புகார் செய்ய ஒரு தொலைபேசி எண். ஜெர்மனியில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பணியாளர் மன்றத்தைக் கலக்காமல் கொண்டுவர முடியாது, சட்டம் அப்படி. வூப்பர்டாலில் இருந்த தொழிலாளர் நீதிமன்றமும் மேல்முறையீட்டில் டூசல்டார்ஃப் நீதிமன்றமும் அந்த விதிகளில் முக்கியமானவற்றை அடித்துவிட்டன.

இப்போது சொல்லுங்கள். பணியாளர் மன்றச் சட்டம் என்ன, ஜெர்மானியரின் ஆழ்மனதில் புதைந்திருக்கும் பண்பாட்டு ரகசியமா? அச்சடித்து வைத்திருக்கும் சட்டம் ஐயா! கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியைக் கேட்டிருந்தாலே, "இது இங்கே செல்லாது" என்று சொல்லியிருப்பார். ஆல்டிக்காரனை விலையில் ஜெயிப்பது கஷ்டம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார். அந்த நாட்டைப் பற்றிய அறிவு கம்பெனிக்குள்ளேயே ஆயிரக்கணக்கான தலைகளில் இருந்தது. அது கீழே இருந்தது, அவ்வளவுதான். மேலே ஏற அதற்கு வழியில்லை.

இந்த நிறுவனத்தின் கல்லா ஊழியர்களுக்கு அந்த 20 வாசகங்களைக் கொடுத்து, இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் அழகாகச் சிரித்திருப்பார்கள். நஷ்டத்தில் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது.

நம் ஊரில் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறோம். 2000களின் தொடக்கத்தில் கால் சென்டர் வேலைக்குப் போன அண்ணன்களையும் அக்காக்களையும் நினைத்துப் பாருங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ராத்திரி முழுக்க விழித்திருந்து, உச்சரிப்பை மாற்றி, பெயரையும் மாற்றி, அமெரிக்கப் பருவநிலையும் பண்டிகையும் பேஸ்பாலும் மனப்பாடம் செய்தார்கள். பேச்சையும் நடத்தையையும் மாற்றிக்கொள்வதுதான் நாலாவது பகுதி என்றால் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அதற்காக அவர்களை யாரும் சர்வதேச வணிகத் தலைவர்கள் என்று கொண்டாடவில்லை. மலிவான உழைப்பு என்றுதான் கணக்கில் எழுதினார்கள். மறுமுனையில் இருந்தவர் இவருடைய நிஜப் பெயரைச் சொல்லக்கூடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஏழையின் அனுசரிப்புக்குப் பெயர் 'வேலை'. மேலாளர் செய்தால் அதே அனுசரிப்பு 'நுண்ணறிவு'. என்ன நியாயம் இது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும் கலாச்சாரம் என்று அழைக்க ஆரம்பித்தால், உரிமைப் பிரச்சினையும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். 2024 செப்டம்பர் 9ந்தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சம்பளம், வேலை நேரம் இவற்றோடு முக்கியக் கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. "கொரியக்காரர்களின் வேலைக் கலாச்சாரம் வேறு, நம்முடையது வேறு" என்று இதைப் பண்பாட்டு மோதலாக விளக்குவது சுலபம். ஆனால் சங்கமில்லா நிர்வாகம் என்ற கொள்கையை எதிர்த்துக் கொரியத் தொழிலாளர்களே கொரியாவில் வருஷக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். 2020 மே மாதம் சாம்சங்கின் லீ ஜே-யோங் பொதுமக்கள் முன் மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இருக்காது என்று வாக்குக் கொடுத்தார். அப்படியானால் எது கொரியக் கலாச்சாரம்? முதலாளியுடையதா, தொழிலாளியுடையதா? சுங்குவார்சத்திரம் சங்கம் ஒருவழியாக 2025 ஜனவரியில் பதிவானது. பண்பாட்டுப் பயிற்சி வகுப்பு எதுவும் அதைப் பெற்றுத் தரவில்லை.

நாட்டுக்கு ஒரு கலாச்சாரம், அதற்கு ஒரு எண் என்ற பழக்கமே பழையது. ஹாஃப்ஸ்டெட், ஐ.பி.எம். ஊழியர்களிடம் 1967க்கும் 1973க்கும் இடையில் எடுத்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படிவங்களை வைத்து 1980ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77. ஒரே ஒரு எண். நாகாலாந்துக்கும் நாகர்கோவிலுக்கும் சேர்த்து! ஒரே கம்பெனியின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தையே எப்படி எடை போடலாம் என்று 2002ல் பிரெண்டன் மெக்ஸ்வீனி விளாசினார். இந்த எண்களைத் தனி மனிதர் மீது பொருத்தாதீர்கள் என்று ஹாஃப்ஸ்டெடே எச்சரித்திருக்கிறார். பயிற்சி வகுப்பில் கேட்கிறார்களா? "ஜப்பானியர் இப்படி, அரேபியர் அப்படி, விசிட்டிங் கார்டை இரண்டு கையால் வாங்கு" என்று ஸ்லைடு ஓடுகிறது. கார்டை ஒழுங்காக வாங்கிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காமல் வந்தால் என்ன பிரயோஜனம்?

"சும்மா குறை சொல்லாதே, நல்ல உதாரணம் ஒன்று காட்டு" என்பீர்கள். 1999ல் ரெனோ நிறுவனம் நிசானுக்குள் நுழைந்தது. அனுப்பப்பட்ட கார்லோஸ் கோனுக்கும் ஜப்பான் புதுசு. அங்கும் பொது மொழி ஆங்கிலம்தான். வித்தியாசம் என்னவென்றால், மீட்புத் திட்டத்தை அவர் பாரிஸிலிருந்து பெட்டியில் போட்டு எடுத்து வரவில்லை. நிசானின் பல துறைகளைச் சேர்ந்த நடுமட்ட மேலாளர்களைக் கொண்டு ஒன்பது குழுக்கள் அமைத்து, எங்கே நோய், என்ன மருந்து என்று அவர்களையே எழுதச் சொன்னார். முக்கியமான வார்த்தைகளுக்கு எல்லோரும் ஒரே அர்த்தம் கொள்ளட்டும் என்று ஒரு சிறு அகராதியும் தயாரானது. நிசான் பிழைத்தது. ஆலைகள் மூடப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் வேலை போனதும் அதே திட்டத்தில்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. அதே கோன் 2018ல் டோக்கியோவில் கைதாகி, 2019 டிசம்பரில் ஜாமீனில் இருந்தபோது ஜப்பானைவிட்டுத் தப்பி லெபனான் போய்ச் சேர்ந்தது தனிக்கதை. ஆகவே அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். உள்ளூர்க்காரரின் அறிவு, முடிவு எடுக்கும் மேசைவரை போய்ச் சேர அங்கே ஒரு பாதை போட்டிருந்தார்கள்.

அதனால் என் யோசனைகள் நாலு (சுருக்கமாக, யூனிட் கடைசியில் வரும் பாயிண்ட்டுகள் மாதிரி).

ஒன்று, மதிப்பெண்ணைச் சம்பந்தப்பட்டவரே போட்டுக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் உள்ளூர் ஊழியர், சப்ளையர், வாடிக்கையாளர் போடட்டும். பெயர் வெளியே தெரியாமல் போடட்டும்.

இரண்டு, சோதனை மேலிருந்து தொடங்கட்டும். அயல்நாட்டுக் கிளைக்குத் தலைவராகப் போகிறவருக்கு முதலில், இன்டர்னுக்குக் கடைசியில்.

மூன்று, மொழி. போகிற நாட்டு மொழியில் ஒரு வருஷத்துக்குள் தன் ஊழியரிடம் நாலு வார்த்தை பேச முடியாத தலைவருக்கு, அந்த நாட்டைப் பற்றி எத்தனை ஸ்லைடு காட்டி என்ன?

நாலாவது, முக்கியமானது. "இது இங்கே எடுபடாது" என்று கீழிருந்து எத்தனை தடவை சொன்னார்கள், அதில் எத்தனை தடவை முடிவு மாறியது என்று கணக்கு வைக்க வேண்டும். ஒரு தடவைகூட மாறவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் சி.க்யூ. பூஜ்யம், ஆளாளுக்கு 7 போட்டிருந்தாலும்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, உயரதிகாரிக்கு யார் துணிந்து மதிப்பெண் போடுவார் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயம் இருக்கும் இடத்தில்தான் சோதனை அவசியம் என்பேன். அடுத்த வருஷம் எங்களில் பலர் பன்னாட்டு நிறுவனங்களில் வேலைக்குப் போவோம். அங்கேயும் ஒருநாள் இந்தக் கேள்வித்தாளை நம் கையில் கொடுப்பார்கள். நிரப்பிக் கொடுங்கள், வேலை முக்கியம். ஆனால் கொடுக்கும்போது மெதுவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், உங்களுக்கு இதை யார் நிரப்பினார்கள்?"

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம். முக்கியமாக ஹெச்.ஆர். துறை நண்பர்கள். திட்டினாலும் பரவாயில்லை :-)