கருவி வந்துவிட்டது, நேரம் எங்கே?

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் பரிதேவாடி. அங்கே 2009-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த ரஞ்சித்சிங் திசாலே, பாடநூலின் மொழியே பிள்ளைகளைத் தடுப்பதைக் கண்டார். அவர்கள் வீட்டில் பேசியது கன்னடம். பாடங்களை அவர்கள் மொழிக்கு மாற்றி, பக்கங்களில் கியூஆர் கோடுகளைச் சேர்த்தார். கைபேசியைக் காட்டினால் பாட்டும் கதையும் காணொளிப் பாடமும் வந்தன. 2020-இல் உலக ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

கியூஆர் கோடு மிக எளிய நுட்பம். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று அறிந்தவர் கையில் கிடைத்ததால் அது பயன்பட்டது.

இதற்கு மாறாக, பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரி வழங்கியது. அங்குள்ள 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. கணிதத்திலோ மொழியிலோ மாணவர்கள் முன்னேறியதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.

தமிழ்நாடு 2018-இல் பாடநூல்களில் கியூஆர் கோடுகளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கல்வித் தொலைக்காட்சி. பின்னர் 22,931 திறன் வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று திட்டம் விரிந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய முதலீடு இது.

ஆனால் திரைக்கு முன்னால் என்ன நடக்கிறது? முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் வரைந்தது வரைந்தபடி நிற்கும். ஜியோஜீப்ரா மென்பொருளில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். "ஏன் மாறவில்லை?" என்று ஆசிரியர் நிறுத்திக் கேட்க வேண்டும், பிள்ளைகள் முட்டி மோதி விடை சொல்ல வேண்டும். கற்றல் அங்கேதான் நிகழ்கிறது. அதையே காணொளியாக ஓடவிட்டால் பிள்ளைகள் பார்ப்பார்கள், அடுத்த பாடவேளையில் மறந்துவிடுவார்கள்.

அப்படி நிறுத்திக் கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள்களின் கணக்கு, மதிப்பெண் விவரம் எனப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டியவை அந்த நேரத்தைத் தின்கின்றன. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பதிவேற்ற உட்கார்ந்தால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பணியிலிருந்து விடுவிக்கும்படி ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கோரியிருக்கின்றன. நியாயமான கோரிக்கை. பதிவேற்றத்துக்குத் தனிப் பணியாளர்களை எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அரசு தர வேண்டும். பாடவேளையில் எந்த விவரமும் கேட்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்.