ஆபத்து யாருடைய உடலில்?

மேற்கு வங்கத்தின் தனியார் மருத்துவமனைகளில் நிகழும் பிரசவங்களில் 82.7 விழுக்காடு சிசேரியன் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பதிவு செய்துள்ளது. அதே மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளில் அந்த அளவு 22.9 விழுக்காடு. வலிப்பு வந்த நிலையிலும் இரத்தப்போக்கு நிற்காத நிலையிலும் மாவட்டங்களிலிருந்து அனுப்பப்படும் பெண்கள் வந்து சேர்வது அரசு மருத்துவமனைகளுக்குத்தான். நோய் மிகுந்தோர் சேரும் இடத்தில் கத்தி குறைவாகவும், வசதி மிகுந்தோர் சேரும் இடத்தில் கத்தி மூன்றரை மடங்காகவும் இருப்பதற்குப் பெண்களின் உடல்நிலையை மட்டும் காரணமாகக் காட்ட இயலாது. தமிழ்நாட்டு வாசகர் இதை வங்காளத்தின் விநோதமென்று கடந்துவிடவும் வேண்டாம். தமிழ்நாட்டில் தனியார் அளவு 63.8, அரசு அளவு 36.0, மொத்தம் 44.9. மொத்தக் கணக்கில் தமிழ்நாடு வங்காளத்தை (32.6) விஞ்சி நிற்கிறது.

இந்த எண்களை முன்வைத்து "தேவையற்ற சிசேரியன்" என்று கொதிப்பது எளிது. பலர் அதைச் செய்தும் வருகின்றனர். அவ்விவாதத்தில் விடுபட்டுப்போகிறவள் உண்மையிலேயே உடல்நலக் குறைவுள்ள கர்ப்பிணி. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய வால்வுக் கோளாறு, முந்தைய பிரசவத்தின் தழும்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோடு பாலிகஞ்சில் ஒரு நர்சிங் ஹோமின் படியேறும் பெண்ணிடம் "உங்கள் உடல்நிலைக்கு ஆபத்து" என்று சொல்லப்படுமானால், அச்சொல்லை அவள் எப்படி எடைபோடுவாள்? நோயற்றவர்களுக்கும் பெரும்பாலும் அதே முடிவுதான் கிடைக்கிறது என்னும்போது, "ஆபத்து" என்ற சொல் அவளுக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை.

நோய் இருந்தால் அறுவைதான் பாதுகாப்பு என்னும் பொதுப்புத்தியை மருத்துவ அறிவியல் அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. மைட்ரல் வால்வு சுருங்கிய பெரும்பாலான பெண்களுக்கு, தக்க கண்காணிப்பும் வலிநீக்கமும் இருக்குமாயின், இயல்பான பிரசவமே பரிந்துரைக்கப்படுகிறது. இறுதிக் கட்டத்தில் அவள் நெடுநேரம் முக்காதிருக்க, ஊர்ப் பேச்சில் "ஆயுதம் போட்டு எடுத்தல்" எனப்படும் முறையால் குழந்தை வெளிக்கொணரப்படும். அறுவையில் நேரும் கூடுதல் இரத்த இழப்பையும் நீர்ம மாற்றங்களையும் தளர்ந்த இதயம் தாங்குவது கடினம். மாறாக, பெருந்தமனி அளவுக்கு மீறி விரிந்த பெண்ணுக்கும், வார்ஃபரின் உட்கொண்டிருக்கும் நிலையில் வலி தொடங்கிவிட்ட பெண்ணுக்கும் சிசேரியனே வழி. ப்ரீ-எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் பிரசவத்தை விரைவுபடுத்தச் சொல்கிறதேயன்றி, அது மட்டுமே வயிற்றைக் கிழிக்கக் காரணமாகாது. கிட்டப்பார்வை மிகுந்தவள் முக்கினால் விழித்திரை விலகிவிடும் என்பது நெடுநாளைய அச்சம். அதற்கு ஆதாரம் இல்லை. ஆக, நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் முடிவு சொல்லிவிட முடியாது.

அப்படியானால் முடிவைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும் கட்டடம்தான். சிறிய நர்சிங் ஹோம் ஒன்றின் அமைப்பை எண்ணிப் பார்க்கலாம். மயக்க மருந்து நிபுணர் அங்கே தங்குவதில்லை, அழைத்தால் வருவார். இரத்த வங்கி வேறொரு சாலையில் இருக்கும். இரவுப் பணியில் வலியின் போக்கைத் தனித்துக் கணித்து முடிவெடுக்கும் பயிற்சியுள்ள செவிலியர் அரிது. முதற்பிரசவத்தின் வலி பன்னிரண்டு மணி நேரத்தையும் கடந்து நீளலாம். அந்நேரம் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டியவர் ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர். தெற்குக் கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கம் மருத்துவமனையைவிட மருத்துவரின் பெயரையே தேர்ந்தெடுக்கிறது. தன் மருத்துவரே குழந்தையை ஏந்த வேண்டும் என்று பெண்ணும் விரும்புகிறாள். அவ்விருப்பத்தை நிறைவேற்றும் மிக நம்பகமான வழி, காலை பத்து மணிக்குத் திட்டமிட்ட அறுவை. இத்தகைய இடத்தில் நள்ளிரவில் குழந்தையின் இதயத்துடிப்பு தளருமானால் அரைமணி நேரத்தில் அறுவை தொடங்க முடியாது என்று அஞ்சும் மருத்துவர் பொய் சொல்லவில்லை. அவர் காணும் ஆபத்து உண்மையானது. ஆனால் அது இருப்பது அந்த வீட்டின் அமைப்பில். சொல்லப்படுவதோ அவளுடைய உடலில் இருப்பதாக. "உங்கள் சர்க்கரை அளவுக்கு இயல்பான பிரசவம் ஆபத்து" என்பதும், "இரவில் எங்களிடம் மயக்க மருந்து நிபுணர் இல்லாததால் இங்கே ஆபத்து" என்பதும் முற்றிலும் வேறான கூற்றுகள். இரண்டாவதைக் கேட்டவள் வேறு மருத்துவமனையைத் தேடக்கூடும்.

இதே தெற்குக் கொல்கத்தாவில்தான் 1926இல், சித்தரஞ்சன் தாஸ் அளித்த இல்லத்தில் மகளிருக்கான சேவா சதன் தொடங்கியது. 1932இல் ராமகிருஷ்ண மிஷனின் சிசுமங்கல் தொடங்கியது. உதவியின்றித் தாய்மார் மாள்வதே அன்றைய துயரம். 2019–21ஆம் ஆண்டுகளின் அதே கணக்கெடுப்பில் அண்டையிலுள்ள பீகாரின் அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் 3.6 விழுக்காடாகத்தான் இருந்தது, அங்கே கத்தி கிடைக்காமல் இறப்பவர்கள் இருப்பர் என்றே கொள்ள வேண்டும். ஆகவே விழுக்காட்டைக் குறைப்பதை மட்டும் இலக்காக்குவதும் தவறு. 2015இல் உலக சுகாதார நிறுவனமும், குறிப்பிட்ட விகிதத்தை எட்ட முயல்வதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்வதே முதன்மை என்று கூறியது.

(மொழி இங்கே தன் வேலையைச் செய்கிறது. தமிழ் ஒரு வழிக்குச் "சுகப்பிரசவம்" என்று பெயரிட்டு மற்றதைத் தோல்வியாக்குகிறது. லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சொல்லும், வங்காளிகளின் "நர்மால்", "சீஸார்" என்னும் சொற்களும் கலந்து புழங்கும். நாள் குறிப்பதில் மட்டும் இரு சமூகத்தின் பஞ்சாங்கங்களுக்கும் வேற்றுமை இல்லை.)

சட்டம் இதை எப்படிக் காண்கிறது என்பதற்கு ஸ்காட்லாந்தின் வழக்கொன்று துணைபுரியும். நீரிழிவு நோயாளியும் உயரம் குறைந்தவருமான நாடின் மாண்ட்கோமரி 1999இல் பிரசவித்தபோது, தலை வெளிவந்த பின் குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டது. 12 நிமிடங்கள் கழித்தே உடல் வெளிவந்தது. மூச்சடைப்பால் குழந்தைக்கு மூளை முடக்குவாதம் ஏற்பட்டது. நீரிழிவுள்ள தாய்மாரில் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு என்பது அவரிடம் சொல்லப்படவில்லை. சொன்னால் பெண்கள் சிசேரியன் கேட்பார்கள், அது அவர்கள் நலனுக்கு உகந்ததன்று என்பது மருத்துவர் தரப்பின் விளக்கம். 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவ வட்டத்தின் வழக்கம் தீர்மானிக்காது. அந்த நோயாளியின் நிலையிலிருப்பவர் எதை முக்கியமெனக் கருதுவாரோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே மறைக்கப்பட்டது இயல்பான பிரசவத்தின் ஆபத்து. இங்கே பெரிதும் மறைவது அறுவையின் ஆபத்து. மறைக்கும் முறை ஒன்றேதான்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் நோயாளியின் ஒப்புதலை வலியுறுத்தியது. எனினும் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் மருத்துவர்களின் வழமையான அளவுகோலையே ஏற்றது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவற்றவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்கு விளங்கா என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. முனைவர் பட்டம் பெற்றோர் நிறைந்த பாலிகஞ்சில் அந்தக் காரணம் பொருந்தாது. ஏழைக்கும் அது பொருந்தக்கூடாது. விளங்காதவளுக்கு விளக்குவதற்கு மாறாக, சொல்லாமல் விடுவதற்கு எழுத்தறிவின்மையை உரிமமாக்குவது விந்தையான நீதி.

அறுவையின் ஆபத்து அன்றைய மேசையோடு முடிவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கருப்பை வாயை மூடிக் கிடக்குமானால், அது பழைய தழும்புக்குள் ஊடுருவும் வாய்ப்பு, ஒரு சிசேரியன் ஆனவளுக்குச் சுமார் 11 விழுக்காடு, இரண்டு ஆனவளுக்குச் சுமார் 40 என்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இரண்டாம் குழந்தை வேண்டுமா என்ற கேள்வியை முதல் அறுவைக்கு முன்பே கேட்டாக வேண்டியது இதனால்தான். ஒரு சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்தை முயல்வோரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் வெற்றி பெறுகின்றனர். தழும்பு கிழியும் வாய்ப்பு இருநூறில் ஒன்று அளவில். அந்த ஒருத்தியைக் காக்க உடனடி அறுவை வசதி வேண்டும். மறுபடியும் கட்டடத்தின் கேள்வி.

இவையனைத்தையும் அறிந்த ஒருத்தி அறுவையையே கேட்பாளாயின், அது அவள் உரிமை. ஆனால் வலிநீக்க ஊசியும் உடனிருக்கத் துணையும் மறுக்கப்பட்ட நிலையில் கேட்பதை விருப்பம் என்று பதிவு செய்வது நேர்மையாகாது.

2017இல் மும்பைப் பெண்ணொருவர் தொடங்கிய இணைய மனுவின் பின்னணியில், மத்திய அரசு ஊழியர் நலத் திட்டத்தின் கீழுள்ள மருத்துவமனைகள் சிசேரியன் விகிதத்தை வரவேற்பறையில் எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்டன. ஒற்றை எண் போதாது. சிக்கலான கர்ப்பங்களை ஏற்கும் நல்ல மருத்துவமனையை அது இழிவுபடுத்தக்கூடும். கர்ப்பிணிகளைப் பத்துக் குழுக்களாகப் பிரிக்கும் ராப்சன் வகைப்பாட்டின்படி எண்கள் வேண்டும்: முதற்பிரசவம், தலை கீழ்நோக்கிய குழந்தை, தானாக வந்த வலி எனும் குழுவில் எத்தனை அறுவை, முந்தைய தழும்புள்ளோரில் எத்தனை என்று. அதோடு, இரவில் மயக்க மருந்து நிபுணர் கட்டடத்திலேயே இருக்கிறாரா என்ற ஒரு வரியும். 2017ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் மேற்கு வங்கத்தில் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இயங்கிவருகிறது. கட்டணங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அந்த ஆணையம், இந்தப் பட்டியலையும் ஆண்டுதோறும் கேட்டு வாங்கி வெளியிடலாம்.