மச்சானுக்கு வருதாம்!

கிள்ளானில் எங்கள் தாமான் வாட்சாப் குழுவில் போன வாரம் ஓர் அக்கா கேட்டிருந்தார்: "இபிஎஃப் மூணாவது கணக்குல இருக்கிற காசை எடுத்து, மாசம் 10 விழுக்காடு தர்ற திட்டத்துல போடலாமா?" ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "தாராளமா போடுங்கக்கா, என் மச்சானுக்கு மாசா மாசம் டாண்ணு வருது." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மச்சான் எத்தனை மாதமாக வாங்குகிறார், போட்ட முதலைத் திரும்ப எடுத்துப் பார்த்தாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2024க்கு ஆண்டு முழுவதற்கும் கொடுத்த லாப ஈவே 6.30 விழுக்காடு. மச்சானின் ஆட்கள் ஒரே மாதத்தில் 10 தருவார்களாம்!

பத்துப் பேரைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பினாங்கின் ஜேஜேபிடிஆர் முதலீட்டுத் திட்டத்தை அதற்குள் மறந்துவிட்டார்களா? மாதம் 20 விழுக்காடு என்றார்கள். பத்துப் பேரா, ஆயிரக்கணக்கானோர் "எனக்கு வந்துச்சு" என்று சாட்சி சொன்னார்கள். 2017 ஏப்ரலில், கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்று நிறுவனம் கைவிரித்தது. அதற்கு முன்பே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. பட்டியலைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் மச்சானைக் கேட்பதில் உள்ள சுகம் அதில் வருமா? இந்த மாதிரித் திட்டங்களில் வருகிற காசு, பின்னால் சேர்ந்தவன் போட்ட காசு. ஜேஜேபிடிஆரிலும் மச்சான்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தது, நிற்கும் வரை.

கைப்பேசி விஷயத்திலும் இதே பண்டிதர்கள்தான். "ஃபோன் சூடாகுது" என்றால் "ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்பார்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் ரிப்பேர் கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லும்போது அந்தப் பண்டிதர் குழுவில் தென்படமாட்டார். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே திருட்டுச் செயலிக் கோப்பை யோசிக்காமல் பத்துக் குழுவுக்குத் தள்ளிவிடுபவரும் அவரே. காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புபவரும் அவராகவே இருக்க வேண்டும்.

இது போதாதென்று, கூட்டு (சீட்டு) பிடிக்கிறவர்கள் வேறு. ஊர் பேர் தெரியாதவர்களை வாட்சாப்பில் சேர்த்து, மாதம் 500 ரிங்கிட் வாங்குகிறார்கள். சட்டப்படி சரியா என்று கேட்டால், "எல்லாரும் செய்றாங்களே" என்கிறார்கள். கூட்டு பிடிப்பதைத் தொழிலாகச் செய்வதைத் தடைசெய்யும் சட்டம் 1971லேயே வந்துவிட்டது.

அக்கா, கடன் பிரச்சினை என்றால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை சொல்கிறது. ஏமாந்து காசு கைமாறிவிட்டதா, உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடியுங்கள். குழுவில் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் காசு நாலு கணக்கு தாண்டிவிடும்.