வளையம் நம் கையில் இருக்கட்டும்!



நம்ம போட்டோகிராபி கிளப்புக்கு ஒரு லென்ஸ் வாங்குவது என்று பேச்சு நடக்கிறது. அடுத்த செமஸ்டரில் கொடைக்கானல் டூர் வேறு. ஹாஸ்டலில் இப்போது மூன்று கட்சி. "எல்லாத்தையும் தானா பார்த்துக்குற ஆட்டோஃபோகஸ் ஜூம் வாங்கு மச்சி" என்பது முதல் கட்சி. "போன்லயே எல்லாம் வருது, எதுக்குக் காசு?" என்பது இரண்டாவது. மூன்றாவது கட்சியில் ஏறக்குறைய நான் ஒருத்தன்தான். கையால் ஃபோகஸ் செய்கிற, வெளிச்சத்தை அள்ளி வாங்குகிற 24 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்று போதும் என்கிறேன். செகண்ட் ஹேண்ட் ஆனாலும் பரவாயில்லை. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

முதலில் வெளிச்சம். சாதாரண ஜூம் லென்ஸில் பெரிய திறப்பு எஃப்/3.5 அல்லது எஃப்/4. நான் கேட்பது எஃப்/2. எஃப்/4-ஐ விட இதில் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பேரிஜம் போகும் வழியில் மதிகெட்டான் சோலை இருக்கிறதே, பேரைக் கேட்டாலே தெரியும்! நண்பகலிலும் அங்கே அந்தி மாதிரிதான். ஃபிளாஷ் அடித்தால் முன்னால் நிற்கும் இலை வெள்ளையாகும், பின்னால் காடு கறுப்பாகும். அங்குள்ள ஜீவன்களுக்கும் தொந்தரவு. 2013-ல் இருந்து அந்தப் பக்கமெல்லாம் வனவிலங்கு சரணாலயம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது மூடுபனி. ஆட்டோஃபோகஸுக்குக் கறுப்பும் வெளுப்பும் சேரும் ஒரு விளிம்பு வேண்டும். தூண் பாறை பனியில் பாதி மறைந்து நிற்கும்போது விளிம்புக்கு எங்கே போவது? லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடும். அது தேடி முடிப்பதற்குள் பனி முழுசாக மூடிவிடும். கையால் திருப்பும் லென்ஸில் தூரம் மீட்டரிலேயே பொறித்திருக்கும். பனியாவது, இருட்டாவது!

இங்கேதான் நம்ம டிப்ளமோ மூளைக்கு வேலை. லென்ஸின் குவியத் தூரத்தை வர்க்கப்படுத்தி, அதைத் திறப்பு எண்ணாலும் 0.03 மி.மீ. என்ற மங்கல் வட்ட அளவாலும் வகுத்துப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்தால் விடை சுமார் 2.4 மீட்டர். வளையத்தை 2.4-ல் நிறுத்திவிட்டால் 1.2 மீட்டரில் இருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவு. அப்புறம் ஃபோகஸ் பற்றிய கவலையே கிடையாது. எஃப்/2-க்கு இறக்கினால் அதே கணக்கு 9.6 மீட்டர் ஆகிவிடும். அதாவது ஐந்து மீட்டருக்கு உள்ளே இருப்பது மங்கும். வெளிச்சம் வேண்டுமா, ஆழம் வேண்டுமா? லேத்தில் வேகம் கூட்டுவதா, ஃபினிஷ் பார்ப்பதா என்று முடிவெடுப்பது போல இதையும் நாமே முடிவெடுக்க வேண்டும்.

"இதெல்லாம் பழசு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சினிமாவில் கேமராவுக்குப் பக்கத்தில் ஃபோகஸ் புல்லர் என்றே ஓர் உதவியாளர் இன்றும் இருக்கிறார். டேப் வைத்து தூரம் அளந்து, நடிகர் நகர நகர வளையத்தைத் திருப்புவது அவர் வேலை. 1991-ல் 'குணா' எடுத்த குகையைக் கொடைக்கானலில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம். அந்தப் படத்தின் ஃபோகஸும் ஒரு மனிதரின் கை திருப்பியதுதான். அதே ஊரில் உள்ள வானாய்வுக்கூடம் 1904-ல் இருந்து சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. கண்ணாடித் தட்டில் எடுத்த அந்தக் காலத்துப் படங்களை வைத்து இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. நிதானமாக, ஒரே முறையில், கவனத்தோடு செய்த வேலைக்கு வயசாவதில்லை.

ராத்திரி வானத்துக்கும் இந்த லென்ஸ்தான். நட்சத்திரத்தைப் பார்த்து ஆட்டோஃபோகஸ் பல நேரம் திணறும். நாம் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பலாம். 24 மி.மீ.-ல் இருபது விநாடி வரை திறந்து வைக்கலாம். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவது படத்தில் கோடாகத் தெரியும்.

குறையே இல்லையா? இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டேயில் ஓடுகிறவனை இதில் பிடிப்பது கஷ்டம். மரத்துக்கு மரம் தாவும் மலை அணிலுக்கும் இது ஆகாது. பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். கொடைக்கானல் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் பையில் இருக்கட்டும். குளிர்ந்த லென்ஸோடு வத்தலக்குண்டுக்கு இறங்கினால் கண்ணாடி வியர்க்கும். கொஞ்ச நேரம் பையைத் திறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வைட் ஆங்கிள் எதையும் தள்ளிக் காட்டும். ரோட்டோரம் மேயும் காட்டெருமை அதில் கன்றுக்குட்டி மாதிரி தெரியும். "இன்னும் ரெண்டு அடி முன்னால போ" என்று லென்ஸ் ஆசை காட்டும். டால்ஃபின் நோஸ் பாறை நுனியிலும் இதே கதைதான். தயவுசெய்து ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கேமராவில் இருந்து கண்ணை எடுத்து, வெறும் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். தூரத்தைக் கையால் கணிக்கப் பழகியவனுக்கு இந்தப் பார்வை தானாக வரும். ஆட்டோவில் அழுத்துகிறவனுக்கு வராது. என் வாதத்தின் உயிர்நாடியே இதுதான்.

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நம் கையில் அரத்தைக் கொடுத்தார்கள். சி.என்.சி. இருக்கும் காலத்தில் அரம் எதற்கு என்று முணுமுணுத்தோம். இன்று ஒரு பரப்பைத் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? மெஷின் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். அது செய்தது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவன்தான் டெக்னீஷியன். தெரியாதவன் வெறும் பட்டன் அழுத்துபவன். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் நாம் எந்த வரிசையில் நிற்கப் போகிறோம்?

மூவாயிரம் படம் எடுத்து மூன்றைக்கூடத் திரும்பிப் பார்க்காத டூர் நமக்கு வேண்டாம் நண்பர்களே. முப்பது படம் எடுப்போம். ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர், எந்தத் திறப்பு என்று நோட்டில் எழுதுவோம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை ஜூனியர்களுக்குக் காட்டுவோம்.

என் ஓட்டு வளையத்துக்கு. உங்கள் ஓட்டு?