பையன் கேட்ட கேள்வி

சென்ற ஞாயிறு மாலை, ராமகுப்பத்தில் நம் வீட்டுக் கூடத்தில் மூன்று குடும்பத்தார் கூடித் தொலைக்காட்சியில் பழைய துப்பறியும் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதாநாயகன் பகைவர் கையில் அகப்பட்டுவிட்டான். கூட்டத் தலைவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. சுற்றிலும் பத்து அடியாட்கள் நிற்கிறார்கள். ஆயினும் தலைவன் சுடவில்லை. கதாநாயகனை நாற்காலியில் கட்டிவைக்கச் செய்து, தன் சதித்திட்டம் முழுவதையும் சாவகாசமாக எடுத்துரைத்து, தூங்கி வழியும் ஓர் அடியாளை மட்டும் காவலுக்கு நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

அப்போது எட்டு வயதுப் பையன் ஒருவன், “மாமா, அவன் ஏன் அப்பவே சுடலை?” என்று கேட்டான். பெரியவர்கள் அனைவரும் ஒரே குரலில், “சும்மா படத்தைப் பாருடா!” என்று அவனை அடக்கிவிட்டோம். அடக்கியவர்களுள் நாமும் ஒருவர். படம் முடிந்து அவரவர் வீடு சென்ற பின்னரும் அக்கேள்வி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இக்குறை நம் நாட்டுப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒற்றர் படங்களுக்கெல்லாம் வழிகாட்டியாக அமைந்த ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதற்படம் ‘டாக்டர் நோ’ 1962-இல் வெளிவந்தது. அதில் வில்லன் தன் பகைவனுக்கு விருந்து படைத்துத் தன் நோக்கத்தையும் சொல்லிவிட்டு, அவனைச் சிறையில் அடைக்கிறான். அச்சிறையிலோ ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்குக் காற்றுக் குழாய் ஒன்று இருக்கிறது! 1964-இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ படத்தின் வில்லன் இன்னும் விந்தையானவன். கொள்ளைத் தலைவர்கள் பலரை அழைத்து, அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கைத் தாக்கும் திட்டத்தை மாதிரி உருவங்கள் வைத்து விளக்குகிறான். விளக்கி முடித்ததும் விஷவாயு செலுத்தி அவர்களைக் கொன்றுவிடுகிறான். கொல்லப்போகும் ஆட்களுக்கு இவ்வளவு பாடம் எதற்காக? அவர்களுக்காக அன்று, கொட்டகையில் அமர்ந்திருக்கும் நமக்காகத்தான். கதையை நமக்குச் சொல்ல வேறு வழி தோன்றாதபோது வில்லனின் வாயைத் திறந்துவிடுகிறார்கள்.

அந்த அலை விரைவிலேயே தென்னாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ஜெய்சங்கரைக் கொண்டு ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தனர்; அவருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பெயரும் நிலைத்தது. அதே ஆண்டில் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த ‘கூடாச்சாரி 116’ வெளியாயிற்று. 1968-இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’ ஆக வந்தார். இரு மொழிகளும் கலந்து புழங்கும் நம் எல்லைப் பகுதியில் 115-ஐயும் அறிவர், 116-ஐயும் அறிவர். எண்ணில் ஒன்று கூடியது குறைந்ததே தவிர, இவ்வகைப் படங்களின் அடியாட்களுக்கு மதி குறைந்ததில் வேற்றுமை இல்லை. கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் போதும், நேற்று அவனிடம் அடிபட்டவனே இன்று சலாம் வைத்து உள்ளே விடுவான். பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும், ரேஷன் கடை வரிசைபோல ஒருவர்பின் ஒருவராகவே வந்து அடி வாங்கிக்கொள்வார்கள்.

இது அடியாளின் குற்றமா என்றால், அன்று என்பதே நம் முடிபு. அவன் அறிவோடு நடந்துகொண்டால் படம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கதையில் எங்கெல்லாம் ஓட்டை விழுகிறதோ, அங்கெல்லாம் அவனைக் குப்புறத் தள்ளி அடைக்கிறார்கள். திரைக்குப் பின்னாலும் அவன் நிலை சிரிப்புக்குரியதன்று. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் கவிழும் காட்சியில் ஈடுபட்ட சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். நாம் கைதட்டும் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் உண்மையாகவே ஒரு மனிதன் விழுகிறான்.

ஒற்றர் படங்களைக் கேலி செய்து 1997-இல் வந்த ‘ஆஸ்டின் பவர்ஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தில், நம் பையன் கேட்ட கேள்வியையே வில்லனின் சொந்த மகன் கேட்கிறான். என் அறையில் துப்பாக்கி இருக்கிறது, எடுத்து வந்து இப்போதே சுட்டுவிடலாமே என்கிறான். உனக்கு இது புரியவே இல்லை என்று தந்தை அவனைத் தட்டிக்கழிக்கிறான். வில்லனும் நாமும் ஒரே வகைத் தந்தையர் என்பது இதனால் விளங்கவில்லையா?

ஓட்டையற்ற ஒற்றர் கதை தமிழில் இல்லாமல் இல்லை. 1954-இல் ஏ.வி.எம். தயாரிக்க, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒன்று உண்டு. பாட்டில்லை, சண்டையில்லை, அடியாட்களும் இல்லை. 1943-இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களையொட்டி நிகழ்வதாக அக்கதை அமைந்தது. ரேடியோ எஞ்சினியராக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு இறப்பதில் கதை தொடங்குகிறது. துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவரையும் விசாரித்து, ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லோடு ஒப்பிட்டே உண்மையை அணுகுகிறார். இறந்தவன் பகைநாட்டுக்கு ஒற்றன் என்பதை முதலில் கண்டவர் யார்? வீட்டிலிருந்த அவன் மனைவி!

ஒருவர் சொல்லை மற்றொருவர் சொல்லால் சரிபார்ப்பது பழைய நெறியே. திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொன்னார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்றார். நாம் பணிபுரியும் ரயில்வேயிலும் இந்நெறியே ஆட்சி செய்கிறது. அடுத்த நிலையத்தின் இசைவைப் பெறாமல் வண்டியை அனுப்புவதில்லை. இசைவு தந்ததற்கு அடையாளமாக ஓர் எண்ணையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். சினிமா வில்லனுக்கு இப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால், ஒட்டுமரு ஒருநாளும் வாசல் தாண்டியிராது.

நேயர்களே, இதெல்லாம் படத்தோடு முடிவதாயின் நாம் இவ்வளவு எழுதியிரோம். இன்று ஒற்றர் படம் ஒன்று நம் வீட்டுத் தொலைபேசிக்கே வருகிறது. “உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, உள்ளே போதைப்பொருள் இருக்கிறது” என்று ஒருவன் தொடங்குகிறான். அடுத்து, போலீஸ் உடையணிந்த ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றுகிறான். பின்னால் கொடி, மேசை, முத்திரை எல்லாம் இருக்கின்றன. “நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், காமிராவை விட்டு நகரக்கூடாது, வீட்டாரிடமும் சொல்லக்கூடாது, உங்கள் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், சோதித்துவிட்டுத் திருப்பித் தருவோம்” என்கிறான்.

இக்கதையில் எத்தனை ஓட்டைகள் என்று எண்ணிப்பாருங்கள். டிஜிட்டல் கைது என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லை. மெய்யான போலீசார் வீடியோ அழைப்பில் கைது செய்வதுமில்லை, பணம் கேட்பதுமில்லை. பணத்தைச் சோதிக்க அதை இடம் மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதுபற்றி எச்சரித்தார். அங்ஙனமிருந்தும் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவன் வற்புறுத்துவது எதற்காக? வள்ளுவர் சொன்ன அந்த இரண்டாம் சாட்சியை நாம் தேடாமல் இருப்பதற்காகவே. அழைப்பைத் துண்டித்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி, 1930 என்ற எண்ணை அழைத்தால் நாடகம் அத்துடன் கலைந்துவிடும்.

இந்த நாடகத்திலும் அடியாட்கள் உண்டு. அவர்கள் யாரென்று அறிந்தால் நெஞ்சு பதைக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். 2022 அக்டோபரில் அவர்களுள் 13 பேர் மீண்டு சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 இந்தியர் அங்ஙனமே மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். தொலைபேசியின் மறுமுனையில் நம்மை மிரட்டும் குரல், அடிக்கு அஞ்சி எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் யாரோ ஒரு தாயின் பிள்ளையின் குரலாகவும் இருக்கக்கூடும். வில்லன் திரையில் தோன்றுவதே இல்லை.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளும் நாளை இன்னும் தொலைவு போவார்கள். ஆகவே, வேலை தருவதாக வரும் ஏஜெண்டின் கதையிலும் ஓட்டை தேடுவது நம் கடமை. வேலைக்கென்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்புவது ஏன்? தேர்வு தொலைபேசியிலேயே முடிந்தது எப்படி? மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா? அந்த நிறுவனத்தில் முன்பே பணிபுரிபவர் ஒருவரோடு பேச முடியுமா? இவற்றைக் கேட்பது அவமரியாதையாகாது. கேட்டால் கோபிப்பவனிடம் பிள்ளையை ஒப்படைக்கலாகாது.

இக்கேள்விகளையெல்லாம் ஒருவன் திடீரென்று ஒருநாள் கேட்கப் பழகிவிட முடியாது. எட்டு வயதில், “ஏன் அப்பவே சுடலை?” என்று தொடங்கும் பழக்கம் அது. அதைத்தான் நாம் சென்ற ஞாயிறன்று கூடத்தில் வைத்து அடக்கினோம்.

வருகிற ஞாயிறு இன்னொரு படம் பார்ப்பதாக ஏற்பாடு. அந்தப் பையனை முன்னால் உட்காரவைத்து, தோன்றியதையெல்லாம் கேள் என்று சொல்லிவிடுவதாக இருக்கிறோம். படம் பார்ப்பதற்குச் சற்று இடையூறாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்வோம்.