நிழலை ஒட்டாதீர்கள்

"உதுக்கெல்லாம் ரெண்டு மணித்தியாலம் குளிருக்க நிக்கோணுமோ அக்கா? ஆப்பில அஞ்சு செக்கன்ல நிழல் போடலாமே."

இதைக் கேட்ட தம்பிக்கும், அவனைப் போல நினைக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. ட்ரோனின் கமெராவை நேர் கீழே திருப்பி ஒரு மனிதரைப் படம் எடுத்தால், தெரிவது ஒரு தொப்பியும் இரண்டு தோளும்தான். ஆனால் வெயில் சாய்ந்திருந்தால் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் முழு ஆளே படுத்திருப்பார்: கால், கை, தோளில் தொங்கும் பை, எல்லாமே. ஜோர்ஜ் ஸ்டைன்மெட்ஸ் அரேபியப் பாலைவனத்தில் மேலிருந்து எடுத்த ஒட்டகப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக நடப்பவை நிழல்கள். உண்மையான ஒட்டகங்கள் அவற்றின் காலடியில் மெல்லிய கோடுகளாக இருக்கும். அவர் மோட்டார் பொருத்திய பாராகிளைடரில் பறந்து படம் எடுப்பவர். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, ட்ரோன் இருக்கிறது.

நோர்வேயில் வாழ்கிற நமக்கு இந்தக் கலை இலவசமாகக் கிடைத்த சொத்து. மார்கழி 21 அளவில் ஒஸ்லோவில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 7 பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் நிற்கும். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவரின் நிழல் அப்போது 13 மீற்றரைத் தாண்டும். அதே ஆள் ஆனி மாதம் அதே இடத்தில் நின்றால் நிழல் 1.2 மீற்றர்தான். யாழ்ப்பாணத்திலோ சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். நிழல் காலுக்குள் ஒளிந்துவிடும். அப்பா அம்மா பிறந்த மண்ணுக்கும் நாம் பிறந்த மண்ணுக்கும் இருக்கிற தூரத்தை ஒரு தடியை நட்டு வைத்து நிழலிலேயே அளந்துவிடலாம். எனக்கு இது இன்னும் அதிசயம்தான்.

சரி, ஆப் போடுகிற நிழலில் என்ன குறை? நிறைய. வெயில் படாத பனி, நீல வானத்தின் வெளிச்சத்தை மட்டும் வாங்குவதால் உண்மையான நிழல் நீலமாக இருக்கும். ஆப் கறுப்பைப் பூசுகிறது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் காலடியில் நிழலின் விளிம்பு கத்தி போல இருக்கும், 13 மீற்றர் தள்ளி விழும் தலையின் விளிம்போ பத்து சென்ரிமீற்றருக்கு மேல் கலங்கியிருக்கும். ஒட்டிய நிழலில் எல்லா விளிம்பும் ஒரே மாதிரி. போன குளிர்காலம் நம் இளையோர் படப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கிய படத்தில் மரங்களின் நிழல் ஒரு பக்கம், பிள்ளைகளின் நிழல் இன்னொரு பக்கம். நடுவர்கள் எத்தனை சூரியனைக் கண்டார்களோ!

"வானிலையை நம்ப ஏலாது" என்பது அடுத்த சாட்டு. உண்மைதான். காலையில் ஆப் வெயில் என்று காட்டும். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர முகில் மூடியிருக்கும். தரையில் காற்றே இருக்காது, 100 மீற்றர் மேலே ட்ரோன் தள்ளாடும். சின்ன ட்ரோன்கள் பலவும் வினாடிக்குப் பத்து மீற்றர் காற்றைத்தான் தாங்கும். குளிரில் பற்றரி சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கும். உறையும் பனிமூட்டத்தில் விசிறியில் பனிக்கட்டி பிடிக்கும். அன்று பறக்கவே கூடாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும். மற்ற நாட்களில் பற்றரியை ஜக்கெட்டின் உள்பைக்குள் சூடாக வைத்துக்கொண்டு காத்திருங்கள். முகிலில் ஒரு கிழிசல் வரும்போது ஏற்றுங்கள். 120 மீற்றருக்கு மேல் போகாதீர்கள், கண்ணை விட்டு மறைய விடாதீர்கள். ஒரு செய்தி: பனியைக் கமெரா தானாகவே சாம்பல் ஆக்கிவிடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

முகிலின் நிழல் ஏரியைக் கடந்து ஓடிப்போக, பின்னாலேயே பிள்ளைகளின் நிழல்கள் ஒவ்வொன்றாகப் பனியில் எழும்பும். சில செக்கன்கள்தான். அந்தச் செக்கன்களுக்காகத்தான் நிற்கிறோம். வெயில் உறுதியாக வரும் என்றால் இந்தப் படத்துக்கு என்ன மதிப்பு?

"கலைதானே அக்கா, ஏன் இவ்வளவு சீரியஸ்?" கலை என்றால் ஓவியம் என்று போடுங்கள், நானே லைக் போடுவேன். நிறத்தைச் சரிசெய்வதையோ ஓரத்தை வெட்டுவதையோ நான் குறை சொல்லவில்லை. நிழல் வேறு. நிழலை வைத்துத்தான் ஒரு படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, ஒரு கட்டடம் எவ்வளவு உயரம், ஒரு குழி எவ்வளவு ஆழம் என்று ஆராய்பவர்கள் கணக்கிடுகிறார்கள். 2009இல் வன்னிக்குள் வெளியார் போவது பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்தபோது, அங்கே என்ன நடக்கிறது என்று மேலிருந்து பார்த்தவை செயற்கைக்கோள் படங்கள். ஐ.நா.வின் யுனோசாட் அவற்றை ஆராய்ந்தது. அப்படியான படங்களைக் காட்டி "இதைப் பாருங்கள், இது உண்மை" என்று உலகத்திடம் கேட்ட சனம் நாங்கள். "எல்லாப் படமும் பொய்தானே" என்று யாராவது கைகழுவினால் முதலில் நட்டப்படுவது யார்? நம் பிள்ளைகளே விளையாட்டுக்கு நிழலை ஒட்டி, அதை நம் சங்கங்களே பரிசு கொடுத்துப் பாராட்டுவது எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

அந்தப் போட்டிக்காரருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த முறை கமெராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும், எடுத்த இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். சூரியன் அந்த நேரத்தில் எங்கே நின்றது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும், அதை நானே சம்பளமில்லாமல் செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.